ஒரு நாவலும் துயருற்றோரின் கடிதங்களும்

ஒரு நாவலை மதிப்பிடும்போது பாத்திரப் படைப்பு, கதைப்பின்னல், மொழிநடை என்று பார்த்துச் செல்வது நமது வழக்கம். அந்த நாவலை வாசித்தவர்கள் என்ன செய்தார்கள், யாருக்குக் கடிதம் எழுதினார்கள், ஏன் எழுதினார்கள் என்று பார்ப்பது மிகக் குறைவு. 'வாசகர் எதிர்வினைத் திறனாய்வு' என்று ஒரு பிரிவு இருக்கிறதுதான். ஆனால் அது பேசும் வாசகர் பெரும்பாலும் திறனாய்வாளரின் மனத்தில் மட்டும் வாழ்பவர். இன்று நான் சொல்ல விரும்புவது உண்மையான வாசகர்களைப் பற்றி. இவர்களுட் பலர் தம் மகனையோ, சகோதரனையோ, கணவனையோ போரில் இழந்தவர்கள்.

நாவலின் பெயர் 'தி கேற்ஸ் அஜார்'. தமிழில் 'சற்றே திறந்திருக்கும் வாயில்கள்' எனலாம். மோட்சத்தின் வாயில்களையே தலைப்பு குறிக்கிறது. 1868ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் இது வெளியாயிற்று. எழுதியவர் எலிஸபெத் ஸ்டூவர்ட் பெல்ப்ஸ் (1844-1911). நூல் வெளிவந்தபோது அவருக்கு வயது 24. எழுதத் தொடங்கியபோது 20.

அமெரிக்க உள்நாட்டு யுத்தம் 1861 முதல் 1865 வரை நடந்தது. மாண்டவர்கள் ஆறு இலட்சத்துக்கு மேல். யுத்தம் முடிந்த பின் வடபகுதிப் படைவீரர்களின் எச்சங்களைத் தேடி எடுத்துத் தேசிய மயானங்களில் மீள அடக்கம் செய்யும் பணி 1871 வரை நீடித்தது. அவ்வாறு அடக்கம் செய்யப்பட்ட மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் யாரென்று அடையாளம் காணப்படவில்லை. அப்படியானால் எத்தனை வீடுகளில் உடலும் வரவில்லை, கல்லறையும் இல்லை, கடைசி வார்த்தை என்னவென்று சொல்லவும் ஆளில்லை என்பதைக் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். இந்த வீடுகளுக்குள்தான் அந்த நாவல் நுழைந்தது.

பெல்ப்ஸ் வளர்ந்தது மசாசூசெற்ஸ் மாநிலத்தின் அண்டோவர் என்ற சிற்றூரில். அந்தப் பெயர் நம் நாட்டவருக்கு முற்றிலும் அந்நியமன்று. வட்டுக்கோட்டையில் 1823இல் செமினரியைத் தொடங்கிய டானியல் பூர், பெருந் தமிழ்-ஆங்கில அகராதியைத் தந்த மிறன் வின்ஸ்லோ ஆகியோர் இறையியல் கற்றது அண்டோவர் செமினரியில்தான். அதே செமினரியில் பெல்ப்ஸின் தந்தை பேராசிரியர். தாய்வழிப் பாட்டனாரும் அங்கே பெரிய பண்டிதர். ஆக, வேதாகமமும் வியாக்கியானமும் தர்க்கமும் நிறைந்த வீடு. எட்டு வயதில் தாயை இழந்த பெண் இவர். தாயின் பெயரையே தம் பெயராக்கிக் கொண்டவர். அவர் மனங்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் 1862இல் அன்ரீற்றம் சமருக்குப் பலியானார். நெருப்பில்லாத குளிர் அறையில், இறந்த தாயின் பழைய உரோம மேலாடையைப் போர்த்திக்கொண்டு இந்த நாவலை எழுதியதாகப் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

கதை மிகச் சிறியது. மேரி என்ற இளம்பெண்ணின் நாட்குறிப்பாக அது அமைந்துள்ளது. தாய் தந்தையர் இல்லை. ஒரே துணை அண்ணன் ரோய். அவன் சுட்டுக் கொல்லப்பட்டான் என்று ஒரு தந்தி வருகிறது. நாவல் தொடங்குவது அதற்குப் பின்னர்தான். ஊரார் ஆறுதல் சொல்ல வருகிறார்கள். சபையின் மூப்பர் ஒருவர் வந்து, கடவுளின் சித்தத்துக்குப் பணியாமல் இப்படி அழுதுகொண்டிருப்பது பாவம் என்ற தோரணையில் புத்தி சொல்லிவிட்டுப் போகிறார். நமது செத்தவீடுகளிலும் இப்படியானவர்களைக் கண்டிருக்கிறோம். குருவானவர் பிளாண்ட் மோட்சத்தைப் பற்றிப் பிரசங்கிக்கிறார். அந்த மோட்சத்தில் ஓயாத துதியும் பெருந் தத்துவ தியானமும் இருக்கின்றன; ரோய் இல்லை. இருந்தாலும் மேரியின் அண்ணனாக இல்லை.

அப்போது கன்ஸாஸிலிருந்து மேரியின் சித்தி வினிபிரெட், தன் சின்ன மகளுடன் வருகிறாள். போதகர் ஒருவரின் விதவை அவள். நாவலின் மீதிப் பகுதி பெரும்பாலும் இவர்களின் உரையாடல்தான். அங்கே ரோய் உன்னை அடையாளம் காண்பான், பகிடி விடுவான், உனக்காகக் காத்திருப்பான் என்கிறாள் சித்தி. மலைகளும் மரங்களும் வீடுகளும் அங்கே இருக்கும் என்கிறாள். பியானோவுக்கு ஏங்கும் ஊர்ப்பெண் ஒருத்திக்கு, அங்கே உனக்குப் பியானோ கிடைக்கும் என்றும் சொல்லிவிடுகிறாள்.

நாவல் என்ற அளவில் இது பெரிய படைப்பென்று நான் சொல்லமாட்டேன். சம்பவங்கள் குறைவு. சித்தி பேசப் பேச, மற்றவர்கள் கேள்வி கேட்பதற்காகவே நிறுத்தப்பட்டவர்கள் போலத் தோன்றுகிறார்கள். ஆனால் தந்தி வந்த பின்னான முதற் பக்கங்கள் வேறு தரத்தவை. துக்கத்தில் இருப்பவருக்கு மற்றவர்களின் குரல் எவ்வளவு கரடுமுரடாகக் கேட்கும் என்பதை அனுபவித்தவரே அப்படி எழுத முடியும்.

இனி எதிர்வினைக்கு வருவோம். சில வாரங்களில் 4,000 பிரதிகள் விற்றுப் போயின. வெளியீட்டாளர் 600 டொலருக்குக் காசோலை அனுப்பினார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அமெரிக்காவில் ஏறத்தாழ 80,000 பிரதிகளும், இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கு மேலும் விற்பனையானதாகக் கணக்கிடப்படுகிறது. ஐரோப்பிய மொழிகள் சிலவற்றிலும் அது பெயர்க்கப்பட்டது.

முதலில் கொதித்தெழுந்தவை சமயப் பத்திரிகைகள். வேத புரட்டு என்றார்கள். மோட்சத்தைக் கிராமத்து வரவேற்பறை ஆக்கிவிட்டாள் என்றார்கள். இங்கிலாந்தில் ஒருவர் நாவலை 'விமர்சன ரீதியாக ஆராய்ந்து' தனி நூலே வெளியிட்டார். 'மாற்று மருந்து' என்று பொருள்படும் தலைப்பிலும் ஒரு மறுப்பு நூல் வந்தது. அதாவது நாவல் நஞ்சு. இவர்கள் பலரும் கவனிக்கத் தவறிய ஒன்றுண்டு. மோட்சத்தில் மரப்பெட்டியும் கம்பியும் கொண்ட பியானோ இருக்கும் என்று வினிபிரெட் சத்தியம் செய்யவில்லை. அந்தப் பெண்ணுக்கு விளங்கக்கூடிய வார்த்தையில் மகிழ்ச்சி என்பதைச் சொன்னதாகவே அவள் நாவலுக்குள்ளேயே விளக்குகிறாள். பண்டிதர்கள் பியானோவை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

மறுபக்கத்தில் கடிதங்கள் வந்தன. முதலில் நூற்றுக்கணக்கில், பின்னர் ஆயிரக்கணக்கில். 1896இல் வெளியான தமது நினைவுக்குறிப்பு நூலில் பெல்ப்ஸ் இவற்றைப் பற்றி எழுதியுள்ளார். துயருற்றோர் அவரை ஒரு கதாசிரியையாக நினைத்து எழுதவில்லை. மறு உலகம் பற்றி ஏதோ கூடுதலாகத் தெரிந்தவர் என்றே எண்ணி எழுதினர். இருபத்தைந்து வயதை எட்டாத ஒரு பெண், முன்பின் அறியாதவர்களின் மரணச் செய்திகளைத் தபாலில் வாங்கி வாசித்துக்கொண்டிருந்தார். எழுதிய ஒரு புத்தகத்துக்காக ஒருவர் கொடுத்த விலைகளில் இதையும் சேர்க்க வேண்டும்.

எவருக்காக எழுதினேன் என்பதையும் அதே நூலில் சொல்கிறார். போர் வேண்டுமா என்று எவரும் கலந்தாலோசிக்காத, ஆனால் போர் மிதித்துக்கொண்டு போன பெண்களை மனத்தில் வைத்தே எழுதினாராம். இந்த இடத்தில்தான் இரண்டு வகை எதிர்வினைகளுக்கும் உள்ள வேறுபாடு புலனாகிறது. பத்திரிகைகள் கேட்ட கேள்வி, இது வேதத்துக்கு ஒத்ததா என்பது. கடிதம் எழுதியவர்களின் கேள்வி அதுவன்று. என் மகன் அங்கேயும் என் மகனாக இருப்பானா? அவனுடைய சிரிப்பு, அவன் பெயர், எங்கள் வீட்டுக் கதைகள் எல்லாம் எங்கே போயின? பொதுவான ஒரு மோட்சம் இதற்கு விடையாகாது. ஒரு குறிப்பிட்ட ஆளை இழந்தவருக்கு அந்தக் குறிப்பிட்ட ஆள்தான் வேண்டும். இவ்வாறு கேட்பது பாவமல்ல என்று அச்சில் சொல்லியது ஒரு நாவல் என்பதே அவர்களுக்குப் பெரிய விஷயம். மோட்சத்தின் வர்ணனையைக் காட்டிலும், அழுவதற்குக் கிடைத்த அந்த அனுமதிக்காகத்தான் பலர் நன்றி சொன்னார்கள் என்று எண்ணுகிறேன்.

இதை நாவலாசிரியையும் உணர்ந்திருக்கிறார். இறுதிப் பகுதியில் குருவானவர் பிளாண்டின் மனைவி தீவிபத்தில் இறந்துபோகிறாள். தாம் ஊருக்குச் சொன்ன ஆறுதல் தமக்கு உதவவில்லை என்று அவர் காண்கிறார். வினிபிரெட்டிடம் வருகிறார்; பிறகு மோட்சம் பற்றிய தம் பழைய பிரசங்கத்தைத் தீயில் இடுகிறார். வினிபிரெட்டும் மார்பில் வந்த நோயை நெடுநாள் மறைத்து வைத்திருந்து இறந்துபோகிறாள். அவளுடைய சின்ன மகள் மேரியின் பொறுப்பில் விடப்படுகிறாள்.

புத்தகத்தின் பெயர் விரைவில் கடைத்தெருவுக்கும் போயிற்று. 'கேற்ஸ் அஜார்' கழுத்துப்பட்டி, சுருட்டு, மருந்துப் போத்தல் என்று பலதும் விற்பனைக்கு வந்தன. மரணச் சடங்குகளுக்கு, பாதி திறந்த வாயிலின் வடிவில் செய்யப்பட்ட மலர் அலங்காரம் ஒன்றும் அப்பெயரால் பல காலம் வழங்கிற்று. சுருட்டை விட்டுவிடலாம். மலர் வாயிலை நான் அப்படித் தள்ளிவிடமாட்டேன். நாவலை வாசிக்காதவர்களும் அதன் படிமத்தைத் தங்கள் இறந்தவர்களின் முன் வைத்தார்கள் அல்லவா?

நூலுக்கு வந்த எதிர்வினைகளில் மிகவும் சுவையானது மார்க் ட்வெய்னுடையது. பெல்ப்ஸின் மோட்சம் ஒரு சின்னஞ்சிறு அமெரிக்க மாநிலத்தளவே இருக்கிறது, உலகில் இதுவரை இறந்தவர்களில் ஒரு சிறு பங்குக்குக்கூட அதில் இடம் போதாது என்பது அவருடைய கிண்டல். அதைக் கேலி செய்யத் தொடங்கிய கதைதான் 'கப்டன் ஸ்டோம்பீல்டின் மோட்சப் பயணம்'. பல்லாண்டுகள் கையில் வைத்திருந்து, 1907-08இல் சஞ்சிகையில் அதன் பகுதிகளை வெளியிட்டார். அவருடைய மோட்சம் எல்லையற்றது. அங்கே அமெரிக்க வெள்ளையர்கள் மிகச் சிறுபான்மையினர். ஷேக்ஸ்பியரை விடப் பெரிய கவிஞனாக அங்கே மதிக்கப்படுபவன், டெனசி மாநிலத்தின் ஒரு தையற்காரன். சிரிப்பு ஒருபுறமிருக்க, இது நியாயமான கண்டனம். பெல்ப்ஸின் மோட்சத்தில் நியூ இங்கிலாந்தின் வசதியான குடும்பங்கள் தங்கள் தளபாடங்களுடன் குடியேறுவது போலத்தான் இருக்கிறது. அதே போரில் மாண்ட கறுப்பினப் படைவீரர்களின் தாய்மாருக்கு அங்கே ஒரு கதிரை போடப்பட்டிருக்குமா என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆனால் ட்வெய்ன் கேலியோடு நிற்கவில்லை. இடையில் அவருடைய மூத்த மகள் சூசி 1896இலும் மனைவி 1904இலும் இறந்துபோனார்கள். அவருடைய கதையில் ஒரு தாய் வருகிறாள். கைக்குழந்தையாக இருந்த மகளைப் பறிகொடுத்து, அவளை மீண்டும் மடியில் வைத்துக்கொள்ளும் ஒரே ஆசையுடன் பல ஆண்டுகள் வாழ்ந்து, மோட்சம் வந்து சேர்கிறாள். மகள் அங்கே இருக்கிறாள். ஆனால் வளர்ந்து, பெரும் படிப்புப் படித்த பெண்ணாக இருக்கிறாள். தாய் தேடியது குழந்தையை. இருவருக்கும் பேசிக்கொள்ள எதுவுமில்லை. பெல்ப்ஸின் வாசகர்கள் கடிதங்களில் கேட்ட அதே கேள்வியை, அவரைப் பகிடி பண்ணியவர் கடைசியில் இன்னும் கடினமாகக் கேட்டுவிடுகிறார்.

அந்தத் தாயைப் பார்த்துக் கலங்கிய கப்டன், இவர்கள் இப்படியே இருந்துவிடுவார்களா என்று தன்னை வழிநடத்துபவனிடம் கேட்கிறார். எப்போதாவது ஒருநாள் ஒன்றுசேர்வார்கள், ஆனால் இந்த வருஷமும் இல்லை, அடுத்த வருஷமும் இல்லை என்கிறான் அவன்.