கம்ப்யூட்டருக்கு ஏன் காய்ச்சல் வருகிறது?

சென்ற மே மாதம் ஒரு மதியம். என் மகள் கல்லூரி புராஜெக்டை மறுநாள் காலை தர வேண்டும். வீட்டுக் கம்ப்யூட்டரோ பத்து நிமிடம் ஓடும், பட்டென்று அணைந்துவிடும். கடைக்குத் தூக்கிச் சென்றேன். "மதர்போர்டு போய்விட்டது சார், மாற்ற வேண்டும்" என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. வீட்டிற்குக் கொண்டு வந்து கேபினெட்டைத் திறந்தேன். பிராசசர் மேல் இருக்கும் ஹீட் சிங்கின் இடுக்குகளில் தூசு கம்பளி போல அடைத்திருந்தது. குற்றவாளி வெப்பம்தான்!

வெப்பம் என்றால் என்ன?

எந்தப் பொருளிலும் அணுக்களும் மூலக்கூறுகளும் சும்மா இருப்பதில்லை. திடப்பொருளில் இருந்த இடத்திலேயே அதிர்கின்றன. திரவத்தில் ஒன்றையொன்று ஒட்டி நழுவுகின்றன. வாயுவில் பறக்கின்றன. நம் அறைக் காற்றில் உள்ள நைட்ரஜன் மூலக்கூறுகளின் சராசரி வேகம் விநாடிக்குச் சுமார் 500 மீட்டர். இந்த ஆட்டம் கூடினால் சூடு, குறைந்தால் குளிர்.

ஒரு காலத்தில் வெப்பத்தை ஒருவகைத் திரவம் என்றே நினைத்தார்கள். ரம்ஃபோர்டு என்ற அறிஞர் முனிச் நகரில் பீரங்கிக் குழாயைத் தண்ணீருக்குள் வைத்துத் துளையிடச் செய்தார். நெருப்பே இல்லாமல் சுமார் இரண்டரை மணி நேரத்தில் தண்ணீர் கொதித்தது! துளையிடும் வரை வெப்பம் வந்துகொண்டே இருந்தது. தீராமல் வருவது ஒரு பொருளாக இருக்க முடியாது, இயக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்று 1798இல் எடுத்துரைத்தார்.

பிராசசருக்குள் நடப்பது என்ன?

மின்சாரம் பாயும்போது எலெக்ட்ரான்கள் சிலிக்கான் அணுக்களில் மோதி அவற்றை அதிர வைக்கின்றன. 65 வாட் மின்சாரம் எடுக்கும் பிராசசர் ஏறக்குறைய அவ்வளவையும் வெப்பமாகவே வெளியிடுகிறது. அதுவும் விரல் நகம் அளவு சில்லிலிருந்து!

அதிரும் அணு பக்கத்து அணுவை உலுக்கும். உலோகத்தில் கட்டற்ற எலெக்ட்ரான்களும் சேர்ந்து வெப்பத்தைச் சுமக்கும். அதனால்தான் ஹீட் சிங்கை அலுமினியத்திலும் தாமிரத்திலும் செய்கிறார்கள். காற்றில் மூலக்கூறுகள் தள்ளித் தள்ளி இருப்பதால் அது வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. தாமிரம் காற்றைவிடச் சுமார் 15,000 மடங்கு நன்றாகக் கடத்தும்.

பிராசசரும் ஹீட் சிங்கும் பார்க்க வழவழப்பாக இருந்தாலும், இடையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் உண்டு. அங்கே காற்று நிற்காமல் இருக்கத்தான் தெர்மல் பேஸ்ட். உலோகத்தைவிட அது குறைவாகவே கடத்தும் என்பதால் அள்ளிப் பூசக் கூடாது. பட்டாணி அளவு போதும்.

ஃபேன் குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. சூடான மூலக்கூறுகளைத் தள்ளிவிட்டுப் புதியவற்றைக் கொண்டு வருகிறது, அவ்வளவுதான். அறை 40 டிகிரியில் இருந்தால் ஃபேனால் பிராசசரை அதற்குக் கீழே கொண்டுவர முடியாது. கோடையில் தொல்லை கூடுவது இதனால்தான். பிராசசர் அளவு மீறிச் சூடானால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிறகும் அடங்காவிட்டால் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். என் வீட்டில் நடந்தது இதுதான்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.
* ஃபேன் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, மென்மையான பிரஷ்ஷால் தூசைத் தட்டுங்கள்.
* ஹீட் சிங்கைக் கழற்றினால் பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் புதிது வையுங்கள்.
* பயாஸில் வெப்பநிலையைப் பாருங்கள்.

தூசு நீக்கிப் புது பேஸ்ட் வைத்ததும், 90 டிகிரியைத் தாண்டிய என் பிராசசர் 55க்கு இறங்கியது. இரவு முழுவதும் ஒருமுறைகூட அணையவில்லை. மகள் காலையில் புராஜெக்டுடன் கிளம்பினாள். செலவு ஒரு பேஸ்ட் டியூப் மட்டுமே. அடுத்த முறை யாராவது மதர்போர்டை மாற்றச் சொன்னால், முதலில் கேபினெட்டைத் திறந்து பாருங்கள்.