பழைய மடிக்கணினியின் இணையத் தொடர்பு: பிழை காணும் முறை

‘இணையம் வரவில்லை’ என்பது நோயின் குறியேயன்றி நோயின் பெயரன்று. தலைவலி என்று வந்தவனுக்குக் கண்ணிலே குறையுளதோ, காய்ச்சல் உளதோ, உறக்கமின்மை உளதோ என்று ஆராயாது மருந்து கொடுக்கும் மருத்துவனை எவரும் பாராட்டார். ஆயினும், பத்துப் பன்னீராண்டு உழைத்த மடிக்கணினியொன்று இணையத்தோடு தொடர்புகொள்ள மறுக்கும்போது, பெரும்பாலோர் காரணத்தை நாடுவதில்லை. ‘பழசாகிவிட்டது’ என்னும் ஒரு சொல்லோடு விசாரணை முடிந்துவிடுகின்றது. புதியதொன்றை வாங்க வசதியில்லாத வீட்டில், அவ்வொரு சொல் ஒரு மாணவனின் கல்விக்கே தடையாகிவிடும். கணினியின் முதுமை உண்மையாகவே காரணமாகும் இடங்கள் சிலவே. அவையும் இன்னவை என்று வரையறுத்துக் கூறத்தக்கவை. முறையாகத் தேடுவார்க்கு அவற்றுட் பல எளிதில் நீங்குவன.

கணினியிலிருந்து ஓர் இணையத்தளத்துக்குச் செல்லும் செய்தி ஐந்து படிகளைக் கடத்தல் வேண்டும். கணினியின் வைஃபைக் கருவி வீட்டிலுள்ள ரவுட்டரோடு இணைதல் ஒன்று. கணினி தனக்கென ஓர் எண் முகவரியைப் பெறுதல் இரண்டு. ரவுட்டர் வெளியுலகோடு தொடர்புற்றிருத்தல் மூன்று. இணையத்தளத்தின் பெயர் அதற்குரிய எண் முகவரியாக மாற்றப்படுதல் நான்கு. இரு முனைகளும் ஒன்றையொன்று நம்பி மறைகுறி முறையில் உரையாடுதல் ஐந்து. சர்வதேச நியமங்கள் நிறுவனம் 1984இல் வெளியிட்ட மாதிரியுரு வலையமைப்பின் தொழிலை ஏழு அடுக்குகளாக வகுத்தது. வீட்டில் பிழை காண்பதற்கு மேற்கூறிய ஐந்தும் போதும். கீழ்ப்படி உறுதியாகாதவிடத்து மேற்படியை ஆராய்தல் வீண் முயற்சியாகும்.

படிகளை ஆராயுமுன் செய்யத்தக்க சோதனை ஒன்றுண்டு. கைத்தொலைபேசி ஒன்றை, அதன் சொந்தத் தரவுச் சேவையை நிறுத்திவிட்டு, அதே வைஃபையில் இணைத்துப் பார்த்தல் வேண்டும். அதிலும் இணையம் வாராதாயின் குறை பெரும்பாலும் ரவுட்டரிலோ வெளித் தொடர்பிலோ உள்ளது; மடிக்கணினி குற்றமற்றது. தொலைபேசியில் வந்து கணினியில் மட்டும் வாராதாயின், தேடவேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

முதற்படியில் கவனிக்கவேண்டியது, கணினி எந்த வலையமைப்பையேனும் காண்கின்றதா என்பதாகும். ஒன்றையும் காணாதாயின், வைஃபைக் கருவி அணைந்திருக்கலாம். பழைய மடிக்கணினிகள் பலவற்றின் விளிம்பில் வைஃபையை நிறுத்தும் சிறு ஆளி ஒன்று உண்டு. பையில் வைக்கும்போது அது தானே நகர்ந்துவிடுதலும் உண்டு. ஆளி சரியாயிருப்பின், கருவியை இயக்கும் மென்பொருளை மீள நிறுவிப் பார்த்தல் தகும்.

அயல்வீட்டு வலையமைப்புகள் தோன்றித் தன் வீட்டினது மட்டும் தோன்றாதாயின், அது கருவியின் பழுதன்று. 2003இல் வெளியான 802.11ஜி நியமத்தின்படி அமைந்த கருவிகள் 2.4 கிகாஹேட்சு மீடிறனிலேயே தொழிற்படுவன. புதிய ரவுட்டர் 5 கிகாஹேட்சில் மட்டும் ஒலிபரப்பினால் அதனை அவை அறியா. மேலும், வட அமெரிக்கச் சந்தைக்கென அமைக்கப்பட்ட கருவிகள் பல 12ஆம், 13ஆம் அலைவரிசைகளைக் கேளா. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் 2.4 கிகாஹேட்சை இயக்கி, 1, 6, 11 என்பவற்றுள் ஒன்றைத் தெரிந்துவிட்டால் இக்குறை நீங்கும்.

வலையமைப்பு தோன்றியும், சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தும் இணைய மறுக்குமாயின், பாதுகாப்பு முறையில் ஒவ்வாமை உளதென்று ஐயுறலாம். தொடக்கத்தில் வழங்கிய வெப் என்னும் முறை 2001இலேயே உடைக்கத்தக்கதென நிறுவப்பட்டது. 2004இல் டபிள்யூ.பி.ஏ.2 வந்தது, 2006 மார்ச்சு முதல் வைஃபைச் சான்று பெறும் கருவிகளுக்கு அது கட்டாயமாயிற்று. 2018இல் டபிள்யூ.பி.ஏ.3 அறிமுகமாயிற்று. இம்மூன்றாம் முறையை மட்டும் ஏற்கும் ரவுட்டரோடு பழைய கணினி பேசமாட்டாது. ரவுட்டரை இரண்டாம் முறையையும் ஏற்குமாறு மாற்றுதல் தகும். ஆனால், பழைய கணினியின் பொருட்டு வெப் முறைக்கு இறங்குதல், ஒரு கதவு திறக்கவில்லையென்று வீட்டின் பூட்டுகளையெல்லாம் கழற்றுவதை ஒக்கும்.

இரண்டாம் படி முகவரி பற்றியது. வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் முகவரிகளை வழங்குவன. கணினியின் வலையமைப்புப் பக்கத்தில் 169.254 என்று தொடங்கும் முகவரி காணப்படின், அது ரவுட்டர் வழங்கியதன்று. கேட்டும் விடை கிடையாமையாற் கணினி தானே சூட்டிக்கொண்டது. அவ்விடத்து, சேமித்துவைத்த வலையமைப்பை நீக்கி மீள இணைதலும், ரவுட்டரை அணைத்து ஏற்றுதலும் பெரும்பாலும் பயன் தரும். முன்னர் வேறோரிடத்திற் பயன்படுத்தியபோது கையால் எழுதிய நிலையான முகவரி ஒன்று அழியாது கிடத்தலும் உண்டு. அதனைத் தானியங்கு முறைக்கு மாற்றிவிடல் வேண்டும்.

மூன்றாம், நான்காம் படிகளை அறிய ‘பிங்’ என்னும் கட்டளை உதவும். அமெரிக்கராகிய மைக் மூஸ் 1983இல் இதனை எழுதினார். நீர்மூழ்கிகளைத் தேடும் சோனார்க் கருவியின் ஓசையே இதன் பெயராயிற்று. ஓசையை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருப்பதுபோல, இது சிறு செய்தியொன்றை அனுப்பி விடைக்குக் காத்திருக்கும். முதலில் ரவுட்டரின் முகவரிக்கும், அடுத்து 8.8.8.8 என்னும் வெளி முகவரிக்கும், ஈற்றில் ஓர் இணையத்தளத்தின் பெயருக்கும் இதனை அனுப்புக. முதலதற்கு விடை வந்து இரண்டாவதற்கு வாராதாயின், குறை ரவுட்டருக்கு அப்பாலுள்ளது எனலாம். எண்ணுக்கு விடை வந்து பெயருக்கு வாராதாயின், 1983இல் போல் மொக்கபெட்றிஸ் வகுத்த ஆள்களப் பெயர் முறைமையின் வழியிற் குறையுளது. கணினியில் எழுதப்பட்டுள்ள பெயர்ச் சேவையக முகவரியைத் திருத்துதல் வேண்டும். சில கருவிகள் பிங்குக்கு விடையிறாதவாறு அமைக்கப்பட்டிருத்தலின், மௌனம் ஒன்றை மட்டுமே சான்றாகக் கொள்ளலாகாது.

ஐந்தாம் படியே பழைய கணினிகளுக்குப் பெரிதும் இடராவது. முன்னைய படிகள் யாவும் சரியாயிருந்தும், இணையத்தளங்கள் ‘பாதுகாப்பற்றவை’ என்று உலாவி தடுக்குமாயின், முதலிற் பார்க்கவேண்டியது கணினியின் நாட்காட்டியை. கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டுவது 3 உவோற்றுச் சிறு மின்கலம் ஒன்றாகும். பல கணினிகளில் அது 20 மில்லிமீற்றர் விட்டமுள்ள நாணயம் போன்றது. அது வலுவிழந்தால் திகதி பல்லாண்டு பின்செல்லும். ஒவ்வோர் இணையத்தளத்தின் சான்றிதழுக்கும் தொடக்கநாளும் முடிவுநாளும் உள. பிழையான திகதியுடைய கணினிக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறவாததாகத் தோன்றும். திகதியைத் திருத்தினால் அத்தளங்கள் உடனே திறக்கும். மின்கலத்தை மாற்றினால் குறை மீளாது.

திகதி சரியாயிருந்தும் தடை நீங்காதாயின், மென்பொருளின் முதுமையே காரணமாகலாம். 2021 செப்ரெம்பர் 30இல் பல இணையத்தளங்களின் நம்பிக்கைக்கு அடியாயிருந்த மூலச் சான்றிதழ் ஒன்று காலாவதியானபோது, நெடுநாள் புதுப்பிக்கப்படாத கருவிகள் பல அத்தளங்களைத் திறக்கமாட்டாதனவாயின. அவ்வாண்டு மார்ச்சில் மறைகுறி உரையாடலின் பழைய பதிப்புகளான டி.எல்.எஸ். 1.0, 1.1 ஆகிய இரண்டும் முறைப்படி விலக்கப்பட்டன. விண்டோஸ் 7க்கான பொது ஆதரவு 2020 சனவரி 14இலும், விண்டோஸ் 10க்கானது 2025 ஒக்ரோபர் 14இலும் முடிவுற்றன. இங்கே வன்பொருள் நலமாகவே உளது. பணிசெயல் முறைமையே மாறவேண்டுவது. வன்பொருள் இடந்தருமாயின் இலகுவான லினக்ஸ் பதிப்பொன்றை நிறுவுதல் நல்வழியாகும். அது செய்யுங்காறும் வங்கி அலுவல்களை அக்கணினியிற் செய்யாதொழிதல் நன்று.

இவ்வாராய்ச்சியில் ஒரு நெறி இன்றியமையாதது: ஒருமுறைக்கு ஒரு மாற்றமே செய்தல் வேண்டும், செய்ததையும் விளைந்ததையும் குறித்துவைத்தல் வேண்டும். ஒரே வேளையில் ஐந்தைத் திருத்துபவன் தொடர்பைப் பெற்றாலும் காரணத்தைப் பெறமாட்டான். அடுத்த முறை அதே குறை நேரின் மீண்டும் இருளிலேயே தடவுவான். வைஃபைக் கருவி உண்மையாகவே பழுதுற்றது என்று முடிவாயினும், ரவுட்டரோடு இணைக்கும் கம்பி வடமோ, யூ.எஸ்.பி. துளையிற் செருகும் சிறு வைஃபைக் கருவியோ அதன் இடத்தை நிரப்பும். கணினி முழுவதையும் துறக்கவேண்டும் என்னும் தீர்ப்பு, இவ்வைந்து படிகளும் ஒழுங்காக ஆராயப்பட்ட பின்னரே வழங்கத்தக்கது.