உயர்கல்வி பெறுவோர் யாவர்?

1942 ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அங்கு ஆங்கிலமே போதனாமொழி. ஆங்கிலக் கல்லூரிகள் கொழும்பு, யாழ்ப்பாணம் முதலிய சில இடங்களிலேயே மிகுந்திருந்தன; ஆகலின் மாணவரும் பெரும்பாலும் அவ்விடத்தவராகவே அமைந்தனர். மன்னாரில் ஓர் உழவன் மகன் எத்துணைக் கூர்மதியுடையவனாயினும் அவனுக்கு வழி அரிதே.

1945 இல் வந்த இலவசக் கல்வியும், 1960 அளவிற் கலைப்பீடத்திற் புகுந்த தாய்மொழிப் போதனையும் கிராமத்து மாணவரைப் பெருந்தொகையாகக் கொணர்ந்தன. மருத்துவ, பொறியியற் பீடங்களிலோ இடங்கள் அத்துணைப் பெருகவில்லை. போட்டி அங்கே முற்றியது.

1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தது. மருத்துவம் பயிலச் சிங்களமொழிவழித் தேறியோர்க்கு 229 புள்ளி போதுமாயிருக்க, தமிழ்மொழிவழித் தேறியோரிடம் 250 புள்ளி வேண்டப்பட்டது. இஃது அநீதி என்பதில் ஐயமில்லை. 1974 இல் வந்த மாவட்ட ஒதுக்கீட்டை அவ்வாறு முற்றாகத் தள்ளிவிடல் இயலாது. யாழ்ப்பாணத்து மாணவர் பலரின் இடத்தைப் பறித்த அதுவே மன்னார், வவுனியா மாணவர் சிலருக்கு இடமளித்தது. இதனை நம்மவருள் எடுத்துரைப்போர் மிகச் சிலர்.

அதே 1974 இல், சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேசுவராக் கல்லூரி இருந்த திருநெல்வேலி வளவிற் பல்கலைக்கழக வளாகம் எழுந்தது. 1986 இற் கிழக்குப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. வீட்டுக்கு அணித்தாகக் கல்விக்கூடம் அமையவே, பெண்மக்களைத் தொலைவுக்கு அனுப்பத் தயங்கிய பெற்றோரும் இசைந்தனர். இன்று நாடு முழுவதும் பட்டப்படிப்பு மாணவருட் பாதிக்கு மேற்பட்டோர் பெண்களே. பொறியியற் பீடங்களில் மட்டும் அவர் இன்னும் சிறு தொகையினர்.