பிறேக் விடவில்லையா? நிறுத்திப் பாருங்கள்!

“பிறேக் பிடிக்கவில்லை” என்று ஒருவர் சொன்னால் எமக்கு நெஞ்சு பதறுகிறது. “பிறேக் விடவில்லை” என்று சொன்னால், “வாகனம் நிற்கத்தானே செய்யும், பரவாயில்லை” என்று இருந்துவிடுகிறோம். ஆனால் பழைய வாகனங்களில் இந்த இரண்டாவது பழுதுதான் பல வேளைகளில் முதலாவதைக் கொண்டுவந்து சேர்க்கிறது.

எமது குடாநாட்டில் பழைய வாகனத்தை எவரும் ஏளனமாகப் பார்ப்பதில்லை. ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் போன்ற கார்கள் பல குடும்பங்களைச் சுமந்தவை. 1990இன் பின் பொருளாதாரத் தடையால் பெற்றோல் வராதபோது, சில துளி பெற்றோலில் இயந்திரத்தை இயக்கிவிட்டு, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடினோம். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, ஓடக்கூடிய எந்த வாகனமும் முதியோருக்கும் நோயாளருக்கும் உதவியாயிற்று. கிடைத்ததை வைத்துச் சமாளிக்கும் கெட்டித்தனம் அந்தக் காலத்தில் எம்மைக் காப்பாற்றியது. இயந்திரம் அந்தச் சமாளிப்பைப் பொறுத்துக்கொண்டது. பிறேக் அப்படிப் பொறுக்காது.

வலிகாமம் வடக்கில் 2009இன் பின் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. இன்னும் விடுவிக்கப்படாத காணிகளும் உண்டு. காணி கிடைத்தும் வீடு கட்ட வசதியில்லாத குடும்பங்கள், இருக்கும் இடத்திலிருந்து தோட்டத்துக்குப் போய் வரவேண்டியுள்ளது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 வரை நீடித்ததால் பழைய வாகனங்களின் விலையும் ஏறியது. ஆகவே பழசையே பழுதுபார்த்து ஓடுகிறோம்.

இப்படி ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். பல மாதம் கொட்டிலில் நின்ற பழைய வான் ஒன்று. வெங்காய மூட்டைகளோடு ஆறேழு பேர் ஏறிச் சந்தைக்குப் போகிறார்கள்.

“தம்பி, வான் இடப்பக்கம் இழுக்குது போலை கிடக்கு.”

“பழைய வான்தானே அண்ணை, ரயருக்குக் காத்துக் குறைவாய் இருக்கும்.”

சிறிது தூரத்தில் ஏதோ கருகும் மணம் வருகிறது. சில்லுப் பக்கம் மெல்லிய புகை. அப்பாலுள்ள சந்தியில் மிதியை அழுத்தினால், அது அடிவரை போய்விடுகிறது. அரை மணிக்கு முன் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த பிறேக் இப்போது பிடிக்கவே இல்லை!

இது எப்படி நடக்கிறது? மிதியை அழுத்தும்போது மாஸ்ரர் சிலிண்டரிலிருந்து பிறேக் ஒயில் குழாய் வழியாகச் சில்லுக்குப் போகிறது. சில்லு மேலும் கீழும் அசைவதால், அதற்கு அருகில் இரும்புக் குழாய்க்குப் பதிலாக றப்பர் ஹோஸ் பொருத்தியிருப்பார்கள். காலம் செல்ல இந்த ஹோஸின் உட்பக்கம் ஊதும், அல்லது தோல் போல உரியும். வெளிப்பக்கம் நன்றாகவே இருக்கும். காலின் பலம் பெரிது. ஆகவே ஒயில் அடைப்பைத் தள்ளிக்கொண்டு சில்லுக்குப் போய்விடும். அதைத் திருப்பி அனுப்ப வேண்டிய சுருள்வில்லின் பலமோ சிறிது. போன ஒயில் திரும்பாது. பிறேக் கட்டை உராய்ந்தபடியே இருக்கும்.

உராய்ந்தால் சூடாகும். பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. டொட் 3 வகை புதிய ஒயில் 205 பாகை செல்சியஸுக்குக் குறையாத வெப்பத்திலேயே கொதிக்கும். ஈரம் சேர்ந்த பழைய ஒயில் 140 பாகை அளவிலேயே கொதிக்கக்கூடும். கொதித்தால் குழாயில் ஆவி நிரம்பும். ஆவி அழுத்தத்தில் சுருங்கிவிடுவதால் மிதி வெறுமையாகக் கீழே போகிறது. பழைய வாகனங்கள் பலவற்றில் நான்கு சில்லுக்கும் ஒரே ஒயில் வழிதான். ஒரு சில்லில் தொடங்கிய பழுது முழு பிறேக்கையும் இழக்கச் செய்வது இதனால்தான்.

பழுது எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மற்றச் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, சந்தேகமான சில்லை ஜக் போட்டு உயர்த்துங்கள். வாகனத்தை ஜக்கில் மட்டும் நம்பி விடாமல் தாங்குகட்டையும் வையுங்கள். ஒருவர் மிதியை அழுத்தி விடட்டும். சில்லு கையால் சுற்றவில்லை என்றால், ஹோஸுக்கு முன்னாலுள்ள இரும்புக் குழாயின் மூட்டை முதலில் சற்றுத் தளர்த்துங்கள். உடனே சில்லு சுற்றினால், மாஸ்ரர் சிலிண்டரையும் மிதியையும் பார்க்க வேண்டும். சுற்றாவிட்டால், சில்லிலுள்ள காற்று எடுக்கும் நிப்பிளைத் திறவுங்கள். ஒயில் பாய்ந்து சில்லு விடுபட்டால், அடைப்பு ஹோஸில்தான். இதற்கும் விடுபடாவிட்டால், உள்ளே துரு பிடித்திருக்கலாம். மூட்டைத் தளர்த்திய பின் குழாயில் காற்றுப் புகும். காற்றை முழுமையாக எடுக்காமல் ஓடக்கூடாது. பழகாதவர்கள் தெரிந்த மெக்கானிக்கைக் கொண்டே செய்விக்கவும்.

பின்வருவனவற்றையும் மனதில் வையுங்கள்.

1. பிறேக் பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவ வேண்டாம். இயந்திர ஒயிலை பிறேக் ஒயிலுக்குப் பதிலாக ஊற்றவும் வேண்டாம். சிறிதளவு கலந்தாலும் றப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

2. பிறேக் ஒயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். திறந்து பல காலம் கிடந்த போத்தலைப் பாவிக்காதீர்கள்.

3. ஹோஸ் மாற்றும்போது முன்சில்லு இரண்டுக்கும் சேர்த்தே மாற்றுங்கள்.

4. வழியில் மிதி கீழே போனால், திரும்பத் திரும்ப மிதியுங்கள், கியரைக் குறையுங்கள், கைப் பிறேக்கை மெல்ல மெல்ல இழுங்கள்.

5. சூடான சில்லுக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள்; இரும்பு வெடிக்கலாம். தானாக ஆறவிடுங்கள். ஆறியபின் மிதி சரியாகிவிட்டதுபோல் தோன்றும். அதை நம்பிப் பயணத்தைத் தொடர வேண்டாம்.

வாகனம் ஒருவருடையதாக இருக்கலாம். அதில் ஏறும் உயிர்கள் பல குடும்பங்களுடையவை. கருகும் மணம் வந்தால், வண்டி ஒரு பக்கம் இழுத்தால், “நிற்பாட்டு தம்பி” என்று சொல்ல ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருப்பவருக்கும், பின்னால் மூட்டைமேல் இருக்கும் அம்மாவுக்கும் உரிமையுண்டு. சந்தைக்குச் சற்றுப் பிந்திப் போகலாம். பல தடவை இடம்பெயர்ந்து காப்பாற்றிய உயிர்களை ஒரு றப்பர்க் குழாய்க்குப் பலியாக்கக் கூடாது.