உறைபனியும் என் பழைய பிக்கப்பும்

கேத்தி பள்ளத்தாக்கில் டிசம்பர் பிறந்துவிட்டால் விடிகாலையில் புல்லெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும். உறைபனி பயிரைக் கருக்கிவிடுமோ என்று ஊரே தூக்கமில்லாமல் இருக்கும். எனக்கோ அதைவிடப் பெரிய கவலை, கொட்டகையில் நிற்கிற 2003 மாடல் டீசல் பிக்கப். என்னுடையதோடு பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் மூன்று பேருடைய காய்களையும் சனிக்கிழமை இரவே ஏற்றிவிடுவோம். ஞாயிறு காலை கோவையில் நேரடி விற்பனை. நாலு மணிக்குக் கிளம்பியாக வேண்டும். வண்டி கிளம்பாது.

வங்கியில் முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்தவன் நான். எத்தனையோ வண்டிக் கடன் மனுக்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட பானெட்டைத் திறந்து பார்த்ததில்லை. அதனால் யார் எதைச் சொன்னாலும் நம்பினேன். பேட்டரி போச்சு என்றார்கள், புதுசு வாங்கினேன். அடுத்து நாசில் சர்வீஸ். "டீசலே உறைஞ்சிடுது சார்" என்றார் ஒருவர், டேங்கைக் கழுவினேன். பதினாறாயிரம் ரூபாய் போனதுதான் மிச்சம். வாராக்கடனுக்கு மேலும் மேலும் கடன் கொடுத்த கதை.

கடைசியில் மலையில் எல்லோரும் செய்கிறதைச் செய்தேன். வண்டியை இரவே சரிவில் நிறுத்துவது, காலையில் உருளவிட்டு இரண்டாவது கியரில் கிளட்சை விடுவது. மூன்று வாரம் ஓடியது. நாலாவது வாரம் பாதிச் சரிவு தாண்டியும் எஞ்சின் பிடிக்கவில்லை. பிரேக்கை மிதித்தால் பெடல் கல்லாக இருக்கிறது. எஞ்சின் ஓடினால்தான் பிரேக்குக்கு வேக்குவம் கிடைக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். இரவெல்லாம் நின்ற வண்டியில் முன்பு இருந்த வேக்குவமும் போயிருக்கும். பின்னால் எண்ணூறு கிலோ பாரம். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, தேயிலைப் புதருக்குள் திருப்பி நிறுத்தினேன். அதே வளைவில் தினமும் பால் கேனோடு நிற்கிற அம்மா அன்று தாமதமாக வந்தார். இதை எழுதும்போதும் கை குளிர்கிறது.

அதன் பிறகுதான் குன்னூரில் பழைய டீசல் வண்டிகளே பார்க்கிற ஒரு பாயிடம் போனேன். அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. "ஸ்டார்ட்டர் எப்படிச் சுத்துது சார்? சைலன்சர்ல புகை வருதா? வந்தா என்ன நிறம்?" என்று கேட்டார். எதற்குமே எனக்குப் பதில் தெரியவில்லை. "பார்த்துட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக அமுக்கும்போது வருகிற சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. இரும்பு குளிர்ந்து கிடந்தால் அந்தச் சூட்டை அதுவே உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே காலையில் மூன்று வேண்டும்: வேகமான சுற்று, தடையில்லாத டீசல், போதுமான சூடு. எது குறைகிறது என்பதை வண்டியே சொல்லிவிடும்.

ஸ்டார்ட்டர் முனகி முனகிச் சுற்றினால் பேட்டரிப் பக்கம் பாருங்கள். நிற்கும்போது 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். சுற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் சந்தேகப்படலாம். ஆனால் புதுசு வாங்கும் முன் முனைகளையும், பாடிக்கும் எஞ்சினுக்கும் போகிற எர்த் ஒயரையும் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முறுக்குங்கள். (என் பழைய பேட்டரி நன்றாகத்தான் இருந்திருக்கிறது. மாற்றில் கொடுத்துவிட்டேன்.)

வேகமாகச் சுற்றியும் புகையே வராவிட்டால் டீசல் போய்ச் சேரவில்லை. வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்தால் டீசல் போகிறது, பற்றவில்லை.

என் வண்டியில் இரண்டும் மாறி மாறி வந்தது. அதனால்தான் எல்லோரும் குழம்பினார்கள். சில நாள் புகையில்லாமல் சுற்றும். பிடித்தாலும் அரை நிமிடத்தில் நின்றுவிடும். பாய் சொன்னபடி, ஸ்டார்ட் செய்யும் முன் ஃபில்டர் மேலே இருக்கிற கை பம்பை அமுக்கிப் பார்த்தேன். இருபது முப்பது அமுக்கு வரை மெத்தென்று இருந்து அப்புறம்தான் இறுகியது. எங்கேயோ காற்று புகுந்து, இரவில் டீசல் டேங்குக்கே திரும்பிப் போயிருக்கிறது. டீசல் வெளியே சொட்டினால்தானே கண்ணில் படும்? காற்று உள்ளே போகிற ஓட்டையில் ஈரம்கூடத் தெரியாது. ஃபில்டருக்கு முன்னால் ஒரு சாண் கண்ணாடி டியூப் மாட்டினோம், குமிழ் ஓடியது. டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோசில் கிளிப்புக்கு அடியில் வெடிப்பு. ஹோசும், யூனியனில் இரண்டு செப்பு வாஷரும் மாற்றினோம். நூற்றி எண்பது ரூபாய். ஃபில்டர் அடியில் இருக்கிற திருகைத் திறந்து தண்ணீரையும் வடித்தோம்.

வண்டி நிற்காமல் ஓடியது. ஆனால் வெள்ளைப் புகையும் உதறலும் போகவில்லை. அது ஹீட்டர் பிளக். சாவியை ஆஃப் செய்து, நாலையும் இணைக்கிற பட்டையைக் கழற்றிவிட்டு, டெஸ்ட் லாம்பின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவில் கொடுத்து, மறுமுனையை ஒவ்வொரு பிளக் தலையிலும் தொட வேண்டும். எரியாத பிளக் செத்தது. எனக்கு இரண்டு எரியவில்லை, நாலையும் மாற்றினேன். நாலும் நன்றாக இருந்தால், காயில் விளக்கு எரியும்போது பட்டைக்குக் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள்; வராவிட்டால் ஃபியூஸோ ரிலேயோ. நேரடியாகப் பீய்ச்சுகிற சில எஞ்சின்களில் ஹீட்டர் பிளக்கே இருக்காது, அதையும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

காற்று போகிற வாயில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்கச் சொல்பவர்கள் உண்டு. ஹீட்டர் பிளக் உள்ள வண்டியில் அடிக்கவே அடிக்காதீர்கள். நேரம் தவறி வெடித்துப் பிஸ்டனையே உடைத்துவிடும். ஆயில் சம்புக்கு அடியில் துணி கொளுத்துவதும் அப்படித்தான், எங்கள் ஊரில் ஒரு வண்டி அதில் ஒயரிங்கோடு எரிந்தது. ஸ்டார்ட்டரைப் பத்து விநாடிக்கு மேல் பிடிக்காமல், ஒரு நிமிடம் ஆறவிட்டு மறுபடி முயலுங்கள்.

இப்போது சமதளத்தில்தான் நிறுத்துகிறேன், கட்டையும் போட்டு. போன ஞாயிறு சாவியைத் திருப்பி, காயில் விளக்கு அணைகிற வரை பதினைந்து எண்ணி, அடித்தேன். இரண்டாவது சுற்றில் பிடித்தது. வளைவில் அந்த அம்மா பால் கேனோடு நின்றிருந்தார். குன்னூர் வரை ஏற்றிக்கொண்டு போனேன்.