சிறு மீன்தொட்டியில் எல்லைப் போர்

கண்ணாடித் தொட்டியில் மீன்களை விட்ட சில நாட்களுக்குள், அவற்றுள் ஒன்று ஏனையவற்றை ஓயாது துரத்தக் காணலாம். துரத்தப்படும் மீனின் துடுப்புகள் கிழிகின்றன, நிறம் மங்குகின்றது, அது இரை கொள்ளாது நீர்மட்டத்தில் ஒரு மூலையில் ஒதுங்கி, ஈற்றில் மடிகின்றது. வளர்ப்பவர் துரத்திய மீனைப் பொல்லாத மீன் எனக் கருதி, அருகிலுள்ள ஓடையிலோ ஏரியிலோ விட்டுவிட எண்ணுகின்றார். பெரியாற்று ஏரியை அடுத்த குமுளி போன்ற ஊர்களில் இவ்வெண்ணம் பெருந்தீங்கு விளைக்க வல்லது. ஆகவே மீன்கள் போரிடுவதன் காரணம் யாது, தொட்டியிலேயே அதனைத் தணிப்பது எவ்வாறு என்பவற்றை ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் அறிந்திருத்தல் நலம்.

சண்டையின் காரணம்

மீன்களுள் சில, நீரின் ஒரு பகுதியைத் தமக்கெனக் கொண்டு காவல் புரியும் இயல்புடையவை. கேரளத்திலும் தமிழகத்திலும் இலங்கையிலும் காயல்களிலும் கழிமுகங்களிலும் வாழும் பள்ளத்தி என்னும் சிறு மீன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். கரிமீனுக்கு நெருங்கிய உறவுடைய இது, சுமார் 8 செ.மீ. நீளம் வரை வளரும். ஏனைய காலங்களில் கூட்டமாகத் திரியும் இம்மீன், இனப்பெருக்கக் காலத்தில் இணையாகப் பிரிந்து, கல் முதலியவற்றின்மீது முட்டையிட்டு, அவ்விடத்தைச் சூழ எவரையும் அணுகவிடாது காக்கின்றது. குஞ்சுகள் பெற்றோரின் உடலில் ஊறும் கோழையையும் உண்டு வளர்கின்றன. இவ்வாறு காக்கப்படும் இடத்தில் அந்நியர் நுழைந்தால் சண்டை மூள்வது இயற்கையே.

இடமே சண்டையை நிர்ணயிக்கின்றது என்பதை டச்சு விஞ்ஞானி நிக்கோ டின்பெர்கன் ஓர் எளிய பரிசோதனையால் விளக்கினார். ஸ்டிக்கில்பேக் என்னும் மீனின் ஆண்கள் இரண்டு, ஒரு தொட்டியின் இரு கோடிகளிலும் கூடு கட்டியிருந்தன. அவர் அவற்றைத் தனித்தனிக் கண்ணாடிக் குழாய்களில் அடைத்தார். இரு குழாய்களையும் முதல் மீனின் கூட்டருகே கொண்டுசென்றபோது, அம்மீன் தாக்க முனைந்தது. மற்றது தப்பியோட முயன்றது. இரண்டாம் மீனின் கூட்டருகே கொண்டுசென்றதும் நிலைமை தலைகீழாயிற்று. மீன்கள் அவையே, மாறியது இடம் மட்டுமே. விலங்குகளின் நடத்தை பற்றிய ஆராய்ச்சிகளுக்காக 1973-ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்ற மூவருள் டின்பெர்கனும் ஒருவர்.

காயலில், தோற்ற மீன் எல்லையைக் கடந்து ஓடிவிடும். துரத்தலும் அத்துடன் முடிவுறும். சிறு தொட்டியிலோ எல்லைக்கு அப்பால் இடமில்லை. ஓடியும் ஓட முடியாத மீன், சரணடைந்த பின்னரும் தாக்கப்படுகின்றது. எனவே திருத்த வேண்டியது மீனையன்று, இடத்தையே.

இடத்தைத் திருத்தும் முறைகள்

முதலாவது, அடிப்பரப்பு. 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் உள்ள தொட்டி 54 லிட்டர் கொள்ளும். அடிப்பரப்பு 1,800 சதுர செ.மீ. அதே தொட்டியை நெட்டுக்கு நிறுத்திய அளவில் ஒன்று செய்தால் கொள்ளளவு குறையாது. அடிப்பரப்பு 900 சதுர செ.மீ. ஆகிவிடும். அடித்தளத்தில் இடம் பிடிக்கும் மீன்களுக்கு முன்னதே ஏற்றது. இக்கணக்கை மாணவர்களைக் கொண்டே செய்விக்கலாம்.

இரண்டாவது, மறைவு. ஒரு மீன் மற்றொன்றை எப்போதும் காணும்படி தொட்டி வெறுமையாக இருத்தலாகாது. கற்கள், ஓட்டுத் துண்டுகள், கொட்டாங்கச்சி, நீர்ச்செடிகள் ஆகியவற்றால் பார்வையைத் தடுக்க வேண்டும். ஒளிவிடங்கள் மீன்களின் எண்ணிக்கையினும் மிகுந்திருத்தல் நன்று.

மூன்றாவது, எண்ணிக்கை. இரண்டு அல்லது மூன்று மீன்கள் மட்டும் இருப்பின், வலியது மெலியதையே இடைவிடாது தாக்கும். ஆறு இளம் பள்ளத்திகளை ஒருங்கே வளர்த்தால் தாக்குதல் பலவற்றின்மீது பரவி, எதுவும் மடியாது பிழைக்கக் கூடும். அவற்றுள் ஓர் இணை முட்டையிட இடம் பிடித்ததும், மற்றவற்றை வேறு தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும்.

நான்காவது, புது மீனைச் சேர்க்கும் முறை. முன்னரே உள்ள மீன்கள் இடங்களைப் பங்கிட்டுக் கொண்டிருக்கும். கற்களையும் செடிகளையும் இடம் மாற்றியமைத்து, விளக்கை அணைத்தபின் புது மீனை விடுதல் வேண்டும். பழைய எல்லைகள் அழிந்தமையால் எல்லாமே புதியவர்களாகின்றன. சில நாட்கள் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் வைத்துப் பழக்குவதும் பயன் தரும்.

ஐந்தாவது, பிரித்து வைத்தல். அடிபடும் மீனை மட்டும் அகற்றினால், அடுத்து மெலிந்தது அடிபடத் தொடங்கும். காயமுற்றதைத் தனியே பேணுவதுடன், தாக்கும் மீனையும் ஒரு வாரம் வேறிடத்தில் வைத்து, கற்களை மாற்றியமைத்தபின் கடைசியாக விடுதல் வேண்டும். உரிமை கொண்டாட அதற்குப் பழைய இடம் இராது.

ஏரியில் விடலாகாது

இவையனைத்தும் பயனளிக்காவிடின், மீனை விற்றவரிடம் திருப்பித் தரலாம். பெரிய தொட்டியுள்ள பள்ளிக்கு அளிக்கலாம். நீர்நிலையில் மட்டும் விடலாகாது. 1895-இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்டதால் உண்டான பெரியாற்று ஏரியில், திலாப்பியா, சாதாக் கெண்டை, ஆப்பிரிக்கக் கெளுத்தி ஆகிய அயல் மீன்கள் ஏற்கெனவே காணப்படுகின்றன. இவற்றுள் திலாப்பியா 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் ஆண் மீனும் அடித்தளத்தில் குழி பறித்து இடம் காப்பதாகும். அவ்வேரியிலும் அதில் சேரும் ஓடைகளிலும், 1941-இல் விவரிக்கப்பெற்ற லெபிடோபைகாப்சிஸ் டைபஸ் என்னும் மீன் வாழ்கின்றது. உலகில் வேறெங்கும் அஃது இல்லை. தொட்டியில் தோற்ற மீனை வேறு தொட்டிக்கு மாற்றிக் காப்பாற்றலாம். ஏரியில் தோற்கும் அம்மீனுக்கு மாற்றிடம் கிடையாது.

நம் நாட்டு மீனாயினும், தொட்டியில் வளர்ந்தது நோயைச் சுமந்திருக்கக் கூடும். ஆகவே பள்ளத்திக்கும் இவ்விதி பொருந்தும். தொட்டியருகே மாணவரை அழைத்து, எந்த மீன் எந்தக் கல்லைக் காக்கின்றது என்பதை ஒரு வாரம் குறித்துவரச் செய்து, பின்னர் அக்கல்லை நகர்த்திக் காட்டுக. பொல்லாத மீன் என்று தாம் எண்ணியது, இடம் தேடிய மீனே என்பதை அவர்கள் தாமே உணர்வர். அதனை ஓடையில் விடும் எண்ணமும் எழாது.