எலும்பு கெட்டியா இருக்கு... ஆனா குனிய முடியலையா? போர் தண்ணியைக் கவனிங்க!

"ஏனுங்க டாக்டர், எலும்பு நல்லா கெட்டியா இருக்குன்னுதானே ரிப்போர்ட் சொல்லுது. அப்புறம் ஏன் குனிய முடியலை?"

சேலம், நாமக்கல் பக்கம் வருஷக்கணக்கா போர் தண்ணி குடித்தவர் ஒருவர் இப்படிக் கேட்டால், அது நியாயமான கேள்விதான்.

கழுத்தில், தைராய்டுக்குப் பின்னால் பருப்பு அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கின்றன. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால், எலும்பிலிருந்து எடுத்துக் கொடுப்பது இவற்றின் வேலை. சேமிப்புக் கணக்கிலிருந்து பணம் எடுக்கிற மாதிரி! அதனால் இவை அளவுக்கு மீறி வேலை செய்தால், பொதுவாக எலும்பு மெலியும்.

ஆனால், ஃபுளோரைடு கதையே வேறு. நம்ம பக்கத்துப் பாறைகளிலிருந்து நிலத்தடி நீரில் கரையும் இது, எலும்பில் போய்ப் படிந்து புது எலும்பை வளர்க்கிறது. அதற்குக் கால்சியம் இழுக்கப்படுவதால், ஈடுகட்ட பாராதைராய்டு கூடுதலாகச் சுரக்கலாம். 1973-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த இந்திய ஆய்வில், எலும்பு ஃபுளோரோசிஸ் இருந்த 20 பேரில் 5 பேருக்கு இது தெளிவாகத் தெரிந்தது. நாள்பட்ட சிறுநீரகக் கோளாறிலும் சிலருக்கு இப்படி எலும்பு அடர்த்தி கூடும்.

அடர்த்தி கூடினால் நல்லதுதானே? இல்லைங்க! 1990-ல் வெளியான மேயோ கிளினிக் ஆய்வில், எலும்புத் தேய்மானம் உள்ள பெண்களுக்கு 4 ஆண்டுகள் ஃபுளோரைடு கொடுத்தார்கள். முதுகெலும்பு அடர்த்தி 35 சதவிகிதம் கூடியது. ஆனால், முதுகெலும்பு முறிவு பெரிதாகக் குறையவில்லை. மற்ற எலும்புகளில் முறிவு அதிகமானது. கெட்டி வேறு, உறுதி வேறு. சுண்ணாம்புக்கட்டி கெட்டிதான், கீழே விழுந்தால் உடைஞ்சிடுமே!

என்ன செய்யலாம்?

* குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 1.5 வரை. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் உங்க போர் தண்ணியைக் கொடுத்துப் பாருங்க.

* காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. தண்ணி சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். குடிக்க, சமைக்க காவிரிக் குழாய்த் தண்ணி, சுத்தமாகச் சேமித்த மழைநீர், ஆர்.ஓ. தண்ணி நல்லது.

* குழந்தையின் பல்லில் வெள்ளை அல்லது பழுப்புத் திட்டு தெரிந்தால் அலட்சியம் வேண்டாம். வீட்டுத் தண்ணியையும் சோதிங்க.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் எண் அதிகம்னு சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி, இத்தனை வருஷமா எந்தத் தண்ணி குடிச்சீங்கன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க. அந்த மெஷினுக்கு அது தெரியாது!